பாலத்தில் விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள்

சான் ரெமோவைத் தாண்டி கார் பாலத்தில் ஏறியதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "என்னடா, இங்கயுமா கரண்ட் கட்டு?" ஏப்ரல் கடைசி வாரம், வியாழக்கிழமை, இரவு எட்டு மணி இருக்கும். மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருந்தோம், வழியெல்லாம் தூறல். பிலிப் தீவுக்குக் காரில் போக அந்த ஒரு பாலம்தான் வழி. 1969-இல் கட்டியது, 640 மீட்டர் நீளம். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுகூட எரியவில்லை. கீழே தண்ணீர் ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. நண்பன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கரண்டெல்லாம் இருக்கு மாப்ள. குஞ்சுங்க கிளம்புற நேரம், அதுக்காக அணைச்சு வச்சிருக்காங்க" என்றான். என்ன குஞ்சு, எங்கே கிளம்புகிறது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குள் வர இருக்கிற ஒரே பாலம், அதன் விளக்கைப் போய்ப் பறவைக்காக அணைப்பார்களா என்று எரிச்சல்தான் வந்தது. ஊர் திரும்பி இத்தனை மாதம் ஆகியும் அந்த எரிச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நானும் அவனும் காரைக்குடியில் ஒரே ஹாஸ்டல் அறையில் நாலு வருஷம் இருந்தவர்கள். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம், அதாவது எங்கள் மாவட்டத்துப் பெண். வொந்தாகி மருத்துவமனையில் நர்ஸ். அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தீவின் கிழக்குக் கோடியில், வூலமாய் முனைக்குப் பக்கத்தில் வீடு வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் மூன்று மாத அலுவலக வேலையாக மெல்பர்ன் வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஆன்சாக் தினம், விடுமுறை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்க, பென்குயின் பார்க்கலாம், கங்காரு பார்க்கலாம் என்று மனசில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இந்தப் பறவை அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று ராத்திரி ரசமும் ஃபிளாட்ஹெட் மீன் வறுவலும் வைத்துப் பரிமாறிக்கொண்டே தங்கச்சிதான் விஷயத்தைச் சொன்னாள். பறவையின் பெயர் ஷியர்வாட்டர். அந்த ஊர்க்காரர்கள் மட்டன் பேர்ட் என்பார்கள், முன்னால் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் கொழுத்த குஞ்சுகளைப் பிடித்துத் தின்றதால் வந்த பெயர். கடற்கரை மணல்மேட்டில் வளை தோண்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. நவம்பர் கடைசியில் முட்டை, ஜனவரி நடுவில் குஞ்சு. தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய் இரை கொண்டுவந்து ஊட்டுவதில் குஞ்சு பெற்றவர்களைவிடக் கனமாகிவிடுமாம். ஏப்ரல் நடுவில் பெரியவை எல்லாம் கிளம்பிவிடும். குஞ்சு மட்டும் வளையில் தனியாகக் கிடக்கும், உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு. கொழுப்பு கரையக் கரைய இறகு முளைக்கும். அப்புறம் ஒரு ராத்திரி, காற்று வாகாக இருக்கிற நேரம் பார்த்துக் கிளம்பும். போகிற இடம் அலாஸ்கா பக்கம், பெரிங் கடல். 15,000 கிலோமீட்டர். முன்னால் போய் வழிகாட்ட ஒருவரும் கிடையாது.

முதல் தடவை பறக்கிற குஞ்சு கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது, அதுதான் சிக்கல். வந்து தார்ச்சாலையில் விழும். நீளமான இறக்கை, சமதரையிலிருந்து எழும்ப வராது. மேடு வேண்டும், எதிர்க்காற்று வேண்டும். சாலையில் உட்கார்ந்தபடியே இருக்கும், கார் வரும். அதனால் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் இரண்டு வாரம் போலப் பாலத்திலும் அதை ஒட்டிய சாலையிலும் விளக்கை அணைத்து, வேக வரம்பையும் குறைத்துவிடுகிறார்கள்.

கேட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: "வசதியான ஊரு, அணைக்கலாம். நம்ம ஊர்ல இதைப் போய்ச் சொல்ல முடியுமா?" நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அப்பாவின் மனு

நான் அதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது 1991-இல். அதற்கு முன்னால் மூன்று வருஷம் அப்பா மனு எழுதினார். பஞ்சாயத்துக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, பதில் வராத ஒவ்வொன்றுக்கும் நினைவூட்டல் கடிதம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், பாதி வழி கண்மாய்க்கரை. அக்கா டைப்ரைட்டிங் முடித்துக் கடைசிப் பஸ்ஸில் வருவாள், அப்பா தினமும் அரிக்கேன் விளக்கோடு போய் நிற்பார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஒரு ராத்திரி கொல்லைக்குப் போனவர் கட்டுவிரியன் கடித்து, விடிவதற்குள் போய்விட்டார். என்ன கடித்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை, இருட்டு. அந்தச் சாவுக்குப் பிறகுதான் அப்பா மனு எழுத ஆரம்பித்தார். ஒரே ஒரு டியூப் லைட். அது முதன்முதலில் எரிந்த அன்று அத்தை கம்பத்துக்குக் கற்பூரம் காட்டினாள். நாங்கள் பிள்ளைகள் அதன் கீழே பாயை விரித்து உட்கார்ந்து, பாடம் எதுவும் இல்லாதபோதும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் தெருவிளக்கை அணைப்பது என்றால் எனக்கு ஒரு கனமான விஷயம். அது பறவைகள்மேல் அக்கறை இல்லாததால் வருவது இல்லை. விளக்கை அணைத்தால் முதலில் யார் விழுவார்கள் என்பது எனக்குக் கண்கூடாகத் தெரியும், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பார்த்தவை

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒவ்வொன்றாக முடிந்தது. காலையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தால் வேலியோரம் ஒரு வாலபி, கங்காருவுக்குச் சின்னத் தம்பி மாதிரி, கறுப்பு மூக்கு, புல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தது, நான் பொருட்டில்லை என்று முடிவு செய்து மறுபடி குனிந்தது. சாலையோரப் புல்வெளிகளில் கேப் பேரன் வாத்துகள் ஜோடி ஜோடியாக, சாம்பல் உடம்பு, அலகில் எலுமிச்சைப் பச்சை. நாபீஸ் முனையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தால் சீல் ராக்ஸ் பாறை முழுக்க கடல் சிங்கம் போன்ற ஃபர் சீல்கள், பாறையே நெளிகிற மாதிரி இருந்தது. பாண்டிகூட் என்ற கூர்மூக்கு விலங்கை 2017-இல் இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதே வருஷம்தான் தீவில் இனி நரி இல்லை என்றும் அறிவித்தார்கள், நரி இருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. பாண்டிகூட் என்ற பெயர் நம் பக்கத்துத் தெலுங்கில் பெருச்சாளியைச் சொல்கிற பந்திகொக்கு என்ற சொல்லிலிருந்து போனது. அதைச் சொன்னதும் நண்பனுக்கு ரொம்பச் சந்தோஷம், எனக்கும்தான்.

சாயங்காலம் பென்குயின். சூரியன் ஐந்தரை மணி சுமாருக்கே இறங்கிவிட்டது. படிக்கட்டு மாதிரி கட்டிய இருக்கைகளில் நூற்றுக்கணக்கான பேர், எல்லார் கையும் சும்மா இருக்கிறது, ஏனென்றால் அங்கே போட்டோ எடுக்கக் கூடாது, செல்போனைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. எனக்கு முதல் பத்து நிமிஷம் கை பரபரத்தது. அலை உடைகிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது, அப்புறம் அது பத்துப் பன்னிரண்டு தலையாகப் பிரிகிறது. கரையேறி நிற்கும், ஒன்றுக்குப் பயம் வந்தால் மொத்தமும் திரும்பத் தண்ணீருக்குள் ஓடும், மறுபடி வரும். ஒரு அடி உயரம், ஒரு கிலோ எடை. நாள் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டினால்தான் அதற்கு வீடு திரும்பத் தைரியம். எங்கள் காலுக்குக் கீழே பலகைப் பாதையை ஒட்டி நடந்து போனபோது, அவற்றின் மூச்சிரைப்புகூடக் கேட்டது.

அந்த இடத்துக்கு சம்மர்லாண்ட் என்று பெயர். அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது, வீடுகள், தெருக்கள், நாய், பூனை, கார் எல்லாம் சேர்ந்து. தீவில் ஒரு காலத்தில் பல இடங்களில் இருந்த பென்குயின் கூட்டங்கள் போய், அங்கே மட்டும் மிஞ்சின. அதுவும் போய்விடும் என்ற நிலை வந்ததும் 1985-இல் விக்டோரியா அரசு அந்தக் குடியிருப்பின் அத்தனை மனையையும் விலைக்கு வாங்குவது என்று முடிவெடுத்தது. 25 வருஷம் பிடித்தது, 2010-இல் கடைசி மனையும் கைக்கு வந்தது. வீடுகள் நின்ற இடத்தில் இப்போது புல்லும் பென்குயின் வளையும்தான். இதைக் கேட்டதும் என் பழைய வாதம் இன்னும் பலமாகிவிட்டது. காசு கொடுத்து ஒரு ஊரையே வாங்க முடிகிற அரசாங்கம், பாலத்து விளக்கை அணைப்பதா பெரிய விஷயம்? கார் நிறுத்துமிடத்தில், வண்டியை எடுக்குமுன் அடியில் பென்குயின் இருக்கிறதா பாருங்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். இல்லை.

தார்ச்சாலையில்

திரும்பும்போது தங்கச்சிதான் வண்டி ஓட்டினாள். தீவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு, மெதுவாக, வழக்கத்தைவிட மெதுவாக. அமாவாசைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. காற்று காரைத் தள்ளியது. நியூஹேவன் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ, கழற்றி எறிந்த ஷூ என்று நினைத்தேன். தங்கச்சி பிரேக்கை மிதித்து ஓரம் கட்டி, நாலு பக்க விளக்கையும் போட்டுவிட்டு, டிக்கியிலிருந்து ஒரு பழைய துண்டும் அட்டைப்பெட்டியும் எடுத்தாள். ஏப்ரல் வந்தால் அந்த இரண்டும் டிக்கியில்தான் இருக்குமாம், மாலை ஷிப்ட் முடிந்து தினமும் அந்தப் பாலத்தில்தான் வருகிறாள். "அண்ணே, நீங்க பின்னாடி வர்ற வண்டியைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த நடையை எனக்குத் தெரியும். கண்மாய்க்கரையில் அரிக்கேன் விளக்கோடு அப்பா நடந்த நடை அது, சத்தம் வராமல், ஆனால் தயங்காமல்.

துண்டைப் போர்த்தி ஒரே தடவையில் எடுத்துவிட்டாள். பெட்டிக்குள் வைத்து, காரில் ஏறி, பெட்டியை என் மடியில் கொடுத்தாள். தீவின் வனவிலங்குகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்தின் எண்ணுக்கு நண்பன் போன் போட்டான், ரேஞ்சர் வந்துகொண்டிருக்கிறார், 20 நிமிஷம் ஆகும் என்றார்கள். ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டோம், சிவப்பு மஞ்சள் மினுக்கல் மட்டும். மூடியை லேசாக விலக்கிப் பார்த்தேன். அரைக் கிலோதான் இருக்கும். புகைக் கறுப்பில் பழுப்பு கலந்த நிறம், கழுத்தில் இன்னும் உதிராத குஞ்சுப் பஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அலகின் மேலே மூக்குத்துளை சின்னக் குழாய் மாதிரி. இறக்கை மடங்கி வாலைத் தாண்டி நீண்டிருந்தது. மீன் எண்ணெயும் பழைய துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அது கத்தவில்லை, கொத்தவில்லை. பெட்டிக்குள் காலை மட்டும் இரண்டு தடவை மாற்றி வைத்தது, அந்த அசைவு அட்டை வழியாக என் தொடையில் தெரிந்தது. இது இன்றைக்குத்தான் முதன்முதலில் வளையை விட்டு வெளியே வந்திருக்கும், முதன்முதலில் பறந்திருக்கும், வந்து விழுந்தது இங்கே. எந்த வீட்டு வெளிச்சம் அதைத் திருப்பியதோ. அது என் மடியில் இருக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது, அதை மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் தங்கச்சி கேட்டாள், "அண்ணே, பொத்தகுடி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதுதான் விஷயம், எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 2020, கொரோனா ஊரடங்கு சமயம். எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஊரே பேசி, குஞ்சு பொரித்துப் பறந்து போகும்வரை விளக்கே போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊர்த் தெருக்கள் இருட்டில் இருந்தன. செய்தி வந்தபோது வாட்ஸப்பில் நான் பத்துப் பேருக்கு அனுப்பினேன், எங்கள் மாவட்டம் என்று பெருமையாக. இவளுக்கும் அனுப்பியிருப்பேன். பொத்தகுடியில் என்ன வசதி இருக்கிறது? அங்கே கட்டுவிரியன் இல்லையா? கடைசிப் பஸ்ஸில் வருகிற அக்கா இல்லையா? நேற்று ராத்திரி "நம்ம ஊர்ல சொல்ல முடியுமா" என்று நான் கேட்டபோது தங்கச்சி சொல்ல வாயெடுத்தது இதைத்தான். சாப்பிடுகிற நேரத்தில் அண்ணனை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று ரசம் ஊற்றியிருக்கிறாள்.

"இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். நண்பன் முன் சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான், அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ரேஞ்சர் ஒரு இளம்பெண், இருபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் கட்டிய சிவப்பு விளக்கோடு வந்தாள். குஞ்சை எடுத்து ஒவ்வொரு இறக்கையாக விரித்துப் பார்த்தாள். விரித்தபோதுதான் அதன் நீளம் தெரிந்தது, இரண்டும் சேர்ந்தால் ஒரு மீட்டர் வரும். அடிபடவில்லை, மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். நிலா இல்லாத, காற்று பலமாக அடிக்கிற இரவுகளில்தான் அதிகம் விழும் என்றும் சொன்னாள். அவள் வண்டியில் ஏற்கெனவே ஐந்து பெட்டி இருந்தன. எங்களுடையது ஆறாவது. அது பறந்ததை நாங்கள் பார்க்கவில்லை. வண்டி வூலமாய் பக்கம் திரும்பியதைத்தான் பார்த்தோம்.

பிறகு தேடிப் படித்ததில் ஒரு கணக்கு கிடைத்தது. 1999 முதல் 2013 வரை 15 வருஷத்தில் அந்தத் தீவில் இப்படி விழுந்து கிடந்தவை என்று 8,871 குஞ்சுகளை எண்ணியிருக்கிறார்கள், அதில் 39 சதவிகிதம் செத்தவை அல்லது சாகக் கிடந்தவை. விளக்கை அணைத்த சாலைத் துண்டில் விழுவது குறைந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த 39 சதவிகிதத்தைப் படிக்கும்போது எனக்கு அட்டை வழியாகத் தெரிந்த அந்தக் கால் மாற்றல்தான் ஞாபகம் வந்தது.

அம்மா

சனிக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அவரிடம் கேட்க முடியாததை இப்போதெல்லாம் அம்மாவிடம்தான் கேட்கிறேன். பாலம், விளக்கு, குஞ்சு எல்லாம் சொன்னேன். நம் தெருவில் இப்படி ஒருத்தன் வந்து கேட்டிருந்தால் அப்பா விட்டிருப்பாரா என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "எத்தனை நாளைக்காம்?" "ரெண்டு வாரம்மா." "ரெண்டு வாரம்தானே, டார்ச்சை அடிச்சுக்கிட்டுப் போறது. உங்கப்பா மனு எழுதுனது விளக்குக்கு, எந்நேரமும் எரியணும்னா எழுதுனாரு?" என்றாள். அப்புறம், "அதைப் பெத்தது எங்கடா?" என்று கேட்டாள். அது முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "அப்ப சாப்பாடு?" என்றாள். நான் கொழுப்பு, இறகு என்று விளக்க ஆரம்பித்தேன், அம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை.

செப்டம்பர் 25-ஆம் தேதி காலையில் நண்பனிடமிருந்து ஒரே வரி வந்தது: "நேத்து ராத்திரி வந்து இறங்கிட்டாங்க." பெரியவை வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி, அதே மேட்டுக்கு, பெரும்பாலும் அதே வளைக்கே திரும்பி வருகின்றன. நான் அப்போது ஊரில் இருந்தேன், அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

"அந்தக் குஞ்சும் வந்துருச்சா?"

"அது இப்ப வராதும்மா. கடல்லயே சுத்தி வளரணும், மூணு நாலு வருஷம் ஆகும்."

"சரி, வரட்டும்" என்று அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.